திருச்செந்தூர் பஸ்ல நடுவழியில இறங்குவோமா?

சுற்றுலா என்றதும் நமக்குக் கன்னியாகுமரி, கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். வேண்டாம்னு சொல்லல. ஆனா நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கு எத்தனை தடவை போயிருப்போம்? அதே ரோட்டுலதான் கிருஷ்ணாபுரமும் ஆதிச்சநல்லூரும் இருக்கு. ரெண்டையும் தாண்டிப் போயிட்டே இருக்கோம்.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் இருப்பவை நாயக்கர் காலச் சிற்பங்கள். ராஜகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனைப் பாருங்க, கல்லுல நரம்பு புடைச்சு நிக்குது! (தயவுசெய்து தட்டிப் பார்க்காதீங்க.)

"ஆதிச்சநல்லூர்ல என்னல இருக்கு, வெறும் பரம்புதானே?"ன்னு பசங்க கேப்பாங்க. அந்தப் பரம்பைத் தேடி 1876-லேயே பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து தோண்டி, கிடைத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். அப்புறம் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. 2004-ல மறுபடி தோண்டினப்போ நூற்றுக்கும் மேல் தாழிகள் கிடைத்தன. 2023-ல தோண்டின குழிக்கு மேல கண்ணாடி போட்டாங்க. தாழி புதைச்ச இடத்துலயே இருக்கும், நாம மேல நின்னு குனிஞ்சு பார்க்கலாம். 'முதுமக்கள் தாழி'ன்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்றோமே, அதுதான் இது!

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ஒரே ஒரு சனிக்கிழமை எங்களைக் கூட்டிட்டுப் போங்க. மதியம் கோயில் நடை சாத்திருவாங்க, அதனால காலையில கிருஷ்ணாபுரம், அப்புறம் ஆதிச்சநல்லூர். கட்டுச்சோறு நாங்களே கொண்டு வர்றோம்.