கடன் கணக்கு யார் கையில்?

“கடன் அன்பை முறிக்கும்” என்ற பலகையைத் தோட்டப்புறக் கடைகளிற் காணாதவர் அரியர். அப்பலகையின் கீழேயே பற்றுக் கொப்பியும் இருக்கும். கடனின்றிக் காலந் தள்ளும் குடும்பங்கள் சிலவே. ஆதலால் கடன் வாங்கலாகாது என்று உபதேசம் செய்ய நாம் முற்படவில்லை. தம் கடன் கணக்கு யார் கையில் இருக்கின்றது, அதில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைக் கடன் பட்டவர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதையே இவ்வாரம் கூற விரும்புகின்றோம். இதன் அவசியத்தைத் தோட்டங்களின் பழைய வரலாறே விளக்கும்.

தமிழகத்திலிருந்து அக்காலத்தில் தோட்டத்துக்கு வந்தோர் பெரும்பாலும் கடனோடுதான் வந்தனர். ஊர்க் கடனைத் தீர்க்கவும் வழிச் செலவுக்கும் கங்காணி முற்பணம் கொடுப்பார். தோட்டத்தை அடைந்ததும் அது தொழிலாளியின் பெயரிற் பற்றாகிவிடும். பின்னர்க் கங்காணி தம் ஆட்களுடன் வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு கடதாசி எழுதிக் கொடுப்பார். இன்ன தொகை செலுத்தப்படின், இக்கங்காணியையும் இத்தனை ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்பதே அதன் பொருள். அக்கடதாசிக்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்வர். கடன் தீராது, ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்கு மாறும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர்ப் பயிர் விரைந்து பரவியது. ஆட்களுக்குப் போட்டி மிகுந்தது. துண்டுத் தொகையும் ஏறிற்று. அதன் சுமை கடைசியில் தொழிலாளியின் தலைமீதே இறங்கியது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

தொகை பெரிது என்பது மட்டுமன்று துண்டின் கொடுமை. தன்னைப் பற்றிய அந்தக் கணக்கைத் தொழிலாளி எழுதவில்லை. எழுதியதை வாசிக்கவும் அறியான். கேட்டுப் பார்க்கும் உரிமையும் அவனுக்கு இருக்கவில்லை.

துண்டு ஒழிந்து நூறாண்டு கடந்துவிட்டது. எனினும், கடன் பட்டவரைத் தொடர்ந்து செல்லும் ஏடு ஒன்று இன்றும் உண்டு. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகமே அதனை வைத்திருக்கின்றது. ‘கிரிப்’ என்று மக்கள் வழங்குவது இதனைத்தான். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன், அது ஒழுங்காகக் கட்டப்பட்டதா, தவணை தவறியதா என்னும் விபரங்களை இதற்கு அறிவிக்கின்றன. நீங்கள் புதுக் கடனுக்கு விண்ணப்பித்தால், கொடுப்பவர் முதலில் இவ்வேட்டைப் பார்ப்பார். ‘கிரிப்பிலே பெயர் விழுந்துவிட்டது’ என்று அஞ்சுவோர் பலர். பெயர் இருப்பது குற்றமன்று. ஒழுங்காகக் கட்டிய கடனும் அங்கே பதிவாகும், அது உங்களுக்கு நற்சான்றாகும். கடன் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பதும் பணியகமன்று, கடன் கொடுப்பவரே.

பலர் அறியாத விடயம் ஒன்று உண்டு. பிறருக்காக நீங்கள் இட்ட பிணைக் கையொப்பமும் உங்கள் பெயரிற் பதிவாகக்கூடும். அயல் லயத்து உறவினருக்கு முகத்தாட்சண்யத்துக்காகக் கையொப்பமிட்டவர், சில ஆண்டுகளின் பின் தம் மகளின் படிப்புக்குக் கடன் கேட்கும்போதுதான் அதன் விளைவை அறிகின்றார். குழுவாகச் சேர்ந்து கடன் பெறும் தாய்மார் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் பொறுப்பு எவ்வளவு என்பதைக் கையொப்பத்துக்கு முன்னரே கேட்டறிக.

வட்டியையும் உற்று நோக்குதல் வேண்டும். 50,000 ரூபா கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 என்று சொல்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் வட்டி போட்டால் அது 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 வாரங்களிற் கட்டினால் வாரத் தவணை ஏறக்குறைய 1,192 ரூபா. ஆனால் வாரந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகின்றது. ஆண்டு முழுவதும் 50,000 ரூபா உங்கள் கையில் இருக்கவில்லை. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி நூற்றுக்கு ஏறத்தாழ 44 ஆகும். எனவே, “வட்டி எத்தனை வீதம்?” என்று கேட்டால் மட்டும் போதாது; “முழுத் தொகைக்கா, குறையும் நிலுவைக்கா?” என்றும் கேட்டல் வேண்டும்.

வாரத் தவணைக்கு மழையும் வெயிலும் தெரியாது. எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் அடைமழை பெய்தால் பால் வெட்டு நிற்கும். பலாங்கொடையில் வரட்சி வந்தால் கொழுந்து குறையும். அம்மாதங்களின் சம்பளத்தைக் கொண்டே, எவ்வளவு தவணை தாங்கும் என்று அளத்தல் வேண்டும். நல்ல மாதத்தின் சம்பளத்தைக் கொண்டன்று. தீபாவளி முற்பணத்துக்காகச் சம்பளத்தில் வெட்டப்படும் தொகையையும் மறவாது கழித்துக்கொள்க. ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் வாங்குவது பழைய துண்டை நாமே நமக்கு எழுதிக்கொள்வதாகும். தவணை தவறும் என்று தோன்றினால் அதற்கு முன்னரே சென்று பேசித் தவணையை மாற்றக் கேட்பது நன்று. ஒளிந்துகொள்வதால் வட்டி நிற்பதில்லை. கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துக. கடன் தீர்ந்ததும் தீர்ந்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்குக.

அன்றைய தொழிலாளிக்கு இல்லாத உரிமை ஒன்று இன்று நமக்கு இருக்கின்றது. அடையாள அட்டையுடன் விண்ணப்பித்து, உரிய கட்டணத்தைச் செலுத்தினால், பணியகத்தில் தம்மைப் பற்றி என்ன பதிவாகியிருக்கின்றது என்பதை எவரும் பெற்றுப் பார்க்கலாம். வாங்காத கடனோ, தீர்த்த பின்னும் தீராததாகக் காட்டும் கடனோ அதில் இருப்பின், திருத்துமாறு கேட்கலாம். அப்போது மேற்சொன்ன பற்றுச்சீட்டுக்களே உங்களுக்குச் சாட்சி.

இங்கே மாணவர்க்கும் ஒரு சொல். பாட்டன் காலத்தில் துண்டை வாசித்துச் சொல்ல லயத்தில் ஆள் அரிது. இன்று பள்ளிக்கூடம் செல்லும் நீங்கள் இருக்கின்றீர்கள். தாயார் கையொப்பமிடப் போகும் பத்திரத்தை வாங்கி, தொகை, வட்டி, தவணை, பிணை ஆகிய நான்கையும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். விளங்காத இடத்திற் கையொப்பத்தை நிறுத்துங்கள். ஒரு நாள் தாமதத்தால் குடி முழுகிப் போகாது. விளங்காத கையொப்பத்தால் அது நேர்வதுண்டு.