குடமுருட்டியில் நீந்தத் தெரிந்தால் போதுமா? வெளிநாட்டில் கயாக் ஓட்டப் போகும் முன் டெல்டாவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

மேட்டூர் அணை திறந்து, கல்லணை தாண்டி, குடமுருட்டியிலும் சோழசூடாமணியிலும் தண்ணீர் வந்துவிட்டால் குடவாசல் வட்டாரத்துப் பசங்களைக் கையில் பிடிக்க முடியாது. பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து குதிப்பது, மதகுக்குக் கீழே நுரை தள்ளும் இடத்தில் ஆட்டம் போடுவது என்று ஆற்றிலேயே பொழுது போய்விடும்.

அதே பசங்கதான் வளர்ந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். லீவு கிடைத்தால் நேபாளம், இலங்கை, நியூசிலாந்து என்று சுற்றுகிறார்கள். அங்கே ராஃப்டிங், கயாக்கிங் போர்டைப் பார்த்ததும், ‘நாமதான் ஆத்துலயே வளந்தவங்களாச்சே’ என்று ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆற்றில் நீந்துவதும், பாய்ந்து வரும் வெள்ளைநீரில் படகு ஓட்டுவதும் ஒன்றா? போட்டி எப்படி நடக்கிறது? இதற்காக ஏன் வெளிநாடு போக வேண்டியிருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

‘ஒயிட்வாட்டர்’ என்றால் என்ன?

ஆறு சரிவான இடத்தில் பாறைகளில் மோதி இறங்கும்போது காற்று கலந்து நுரைக்கும். தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் இந்தப் பெயர். இப்படிப்பட்ட இடங்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் சிறு அலைகள். 3 என்றால் ஒழுங்கில்லாத அலைகள், குறுகலான வழி. படகைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். 5 என்றால் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது மாதிரி.

இந்தத் தரம் நிரந்தரம் கிடையாது. காலையில் 3-ஆக இருந்த ஆறு, மலையில் மழை பெய்தால் சாயங்காலம் 4 ஆகிவிடும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

நீச்சல் தெரிந்தால் சமாளிக்க முடியாதா?

முடியாது என்பதுதான் நேரடியான பதில். காரணம் மூன்று.

முதலாவது, நுரை. காற்று கலந்த தண்ணீரில் உடம்பு மிதப்பது குறைந்துவிடும். குளத்தில் மிதப்பவர் இங்கே மூழ்குவார்.

இரண்டாவது, கால். ஓடும் தண்ணீரில் விழுந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கத்தான் பார்ப்பார்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால், பின்னால் வரும் தண்ணீர் ஆளை முன்னால் தள்ளிச் சாய்த்துவிடும். இடுப்பளவு தண்ணீரில்கூட இப்படி இறந்திருக்கிறார்கள். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் நீரோட்டம் போகும் திசையில் மேலே தூக்கி வைத்துக்கொள்வதுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்.

மூன்றாவது, சுழல். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் அடியில் போய், மேலே வந்து, திரும்பவும் விழுந்த இடத்துக்கே உருண்டு வரும். அதில் சிக்கியவரைத் தண்ணீர் வெளியே விடாது.

இந்த மூன்றாவதை டெல்டாக்காரர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஏன்னா, அதைப் பார்க்க நேபாளம் போக வேண்டியதில்லை. நம்ம ஊர் ரெகுலேட்டருக்கும் தடுப்பணைக்கும் கீழேயே அது இருக்கிறது.

மலை ஆற்றில் பாறைகள் ஒரே சீராக இருக்காது. ஆகவே சுழலில் பெரும்பாலும் எங்காவது ஒரு வழி திறந்திருக்கும். தடுப்பணையோ ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நேர்க்கோடு. சுழலும் அதே நீளத்துக்கு இருக்கும், வெளியேற இடைவெளி கிடையாது. மேலிருந்து பார்க்கையில் பெரிய அலைகூடத் தெரியாது. பல வருஷம் கயாக் ஓட்டியவர்கள்கூட ஆற்றின் குறுக்கே தடுப்பணை தெரிந்தால் கரையேறி, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து தாண்டிப் போவது இதனால்தான்.

போட்டி எப்படி நடக்கிறது?

ஒலிம்பிக்கில் இருப்பது ‘கேனோ ஸ்லாலம்’. நீரோட்டத்துக்கு மேலே கம்பங்களைத் தொங்கவிட்டு வாசல் மாதிரி அமைத்திருப்பார்கள். அதிகபட்சம் 25 வாசல்கள். பச்சை வாசலை நீரோட்டத்தோடு கடக்க வேண்டும். சிவப்பு வாசலை எதிர்நீச்சல் போட்டுக் கடக்க வேண்டும். கம்பத்தில் உரசினால் 2 விநாடி அபராதம், வாசலையே விட்டுவிட்டால் 50 விநாடி. 50 விநாடி போனால் பதக்கக் கனவு அவ்வளவுதான்.

1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது. அதற்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் செயற்கை நீரோடை தயார் செய்தார்கள். அதன்பின் 20 வருஷம் இடைவெளி. 1992 பார்சிலோனாவிலிருந்து தொடர்ந்து நடக்கிறது. 2024 பாரிஸில் ‘கயாக் கிராஸ்’ என்ற புதுப் போட்டியும் சேர்ந்தது. நான்கு பேர் உயரமான மேடையிலிருந்து படகோடு தண்ணீரில் குதித்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போவார்கள். நடுவில் ஓரிடத்தில் படகைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இருந்தபடியே நிமிர்த்தியாக வேண்டும். அதில் நியூசிலாந்தின் ஃபின் புட்சரும் ஆஸ்திரேலியாவின் நொயமி ஃபாக்ஸும் தங்கம் வென்றார்கள். நொயமியின் அக்கா ஜெசிகா ஃபாக்ஸ் அதே பாரிஸில் ஸ்லாலத்தில் இரண்டு தங்கம் எடுத்தவர்.

குடவாசலில் இது ஏன் முடியாது?

தண்ணீர் பற்றாக்குறையால்தான் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்காக பென்ரித் என்ற ஊரில் ஒரு செயற்கை ஓடை அமைத்தார்கள். அதில் ஓடுவது விநாடிக்கு 14 கன மீட்டர் தண்ணீர். நம்ம கணக்கில் சுமார் 500 கன அடி. மேட்டூரிலிருந்து பாசனத்துக்குப் பல ஆயிரம் கன அடி திறப்பதைத் தினமும் செய்தியில் கேட்கும் டெல்டாவுக்கு 500 கன அடி ஒரு கணக்கே இல்லை. அந்த 500 கன அடியையும் கீழே தேக்கி, பம்ப் வைத்துத் திரும்ப மேலே ஏற்றுகிறார்கள். அதாவது ஓடிய தண்ணீரே மறுபடி ஓடுகிறது.

வித்தியாசம் சரிவில்தான். பென்ரித் ஓடை 320 மீட்டர் நீளத்துக்குள் 5.5 மீட்டர் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு என்று கணக்கிட்டால் 17 மீட்டர். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆறு ஓடும் கிழக்குத் திசையில் கடலுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. நெல் விளையவும் வாய்க்கால் வெட்டவும் கைகொடுத்த அந்தச் சமதரைதான் ஸ்லாலத்துக்குத் தடை.

இதே காவிரி குடகில் துபாரே பக்கம் ராஃப்டிங் நடக்கும் ஆறு. ஒகேனக்கல்லில் அருவி. மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, குடவாசல் வரும்போது வயலுக்குப் பாயும் ஆறாகிவிடுகிறது.

நெல் வயலுக்கான தடுப்பணையில் ஆசியப் போட்டியா?

ஆமாம், நடந்திருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்லாலம் நடந்த இடம் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் உள்ள ரென்டாங் தடுப்பணை. சிமானுக் ஆற்றின் குறுக்கே, நெல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. நம்ம கல்லணை மாதிரி பாசன வேலை பார்க்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக யாரும் மதகுக்குக் கீழே உருளும் தண்ணீரில் படகை இறக்கிவிடவில்லை. தடுப்பணையின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பயன்படுத்தி, தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தி, ஓடையில் தடைகள் வைத்து நடத்தினார்கள். ஓரமாக மீட்புக் குழுவும் தயாராக நிற்கும்.

அதே 2018 ஆகஸ்ட் மாதத்தில்தான் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஒரு நாட்டில் பாசனத் தடுப்பணை விளையாட்டு மைதானமானது. இங்கே இருக்கிற மதகைக் காப்பாற்றுவதே பெரிய பாடாக இருந்தது. புதுசாக ஏதாவது கட்டுவது பற்றிப் பேசும்போது இந்த யதார்த்தத்தையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இந்தியா எங்கே நிற்கிறது?

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் ஜோடி 1,000 மீட்டர் கேனோ பந்தயத்தில் வெண்கலம் வென்றது. 1994 ஹிரோஷிமாவுக்குப் பிறகு இந்த விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் இது. பாரா பிரிவில் பிராச்சி யாதவ், 2023 ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் தங்கமும் வெள்ளியும் வென்றார்.

ஆனால் இவை எல்லாமே அமைதியான தண்ணீரில் நேர்க்கோட்டில் போகும் ‘ஸ்பிரிண்ட்’ பந்தயங்கள். வெள்ளைநீர்ப் போட்டியில் நாம் இன்னும் பின்னால்தான் இருக்கிறோம்.

உள்நாட்டில் இதற்கு முக்கியமான இடங்கள் என்றால், மத்தியப் பிரதேசம் மகேஷ்வரில் நர்மதை பாறைகளுக்கு இடையே பிரிந்து ஓடும் சகஸ்ரதாரா. 2023 தொடக்கத்தில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் ஸ்லாலம் அங்கேதான் நடந்தது. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி பக்கம் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் 2013-ல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழா. மழைக்காலத்தில் நடக்கும் இதில் வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். ஜெயித்தவர்களுக்கு ‘ரேபிட் ராஜா’, ‘ரேபிட் ராணி’ பட்டம்.

இவை எல்லாம் இயற்கை ஆறுகள். மழைக்கு ஏற்ப நீர்மட்டம் மாறும். ஒரே வாசலை ஒரே வேகத் தண்ணீரில் ஆயிரம் முறை ஓட்டிப் பழக வேண்டிய வீரருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட ஓடை தேவை. அதனால்தான் வெளிநாட்டுப் பயிற்சி. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அமீரகத்தின் அல் ஐனில் பாலைவனத்து மலையடிவாரத்திலேயே இப்படி ஒரு செயற்கை ஓடையை உருவாக்கினார்கள்.

இந்த ஓடைகள் எவ்வளவு அரிது என்பதற்கு 2028 ஒலிம்பிக்கே சாட்சி. போட்டி நடப்பது லாஸ் ஏஞ்சலிஸில். ஸ்லாலம் மட்டும் சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி ஓக்லஹோமா சிட்டியில். அங்கே ஓடை ஏற்கெனவே இருக்கிறது, புதுசாகக் கட்டி வீணாக்க வேண்டாம் என்ற முடிவு. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்பும் இந்தியாவும் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் ஓட்டப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

* ராஃப்ட் வேறு, கயாக் வேறு. ராஃப்டில் வழிகாட்டி கூடவே இருப்பார். கயாக்கில் நீங்கள் மட்டும்தான். கவிழ்ந்தால் நிமிர்த்தத் தெரியாதவர்கள் நேரடியாக ஆற்றுக்குப் போகாமல், அமைதியான தண்ணீரில் பயிற்சி எடுக்க வேண்டும்.
* ‘இன்னைக்கு ஆறு எந்த கிரேடு?’ என்று அன்றைக்குக் காலையிலேயே கேளுங்கள். போன மாதம் போட்ட வீடியோவை நம்ப வேண்டாம்.
* சீசனைப் பாருங்கள். ரிஷிகேஷில் மழைக்காலத்தில் ராஃப்டிங் நிறுத்தப்படும். கேரளத்தில் மழைக்காலம்தான் சீசன். நேபாளத்தில் மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் நல்ல காலம். இலங்கையில் கித்துல்கல பகுதியில் களனி ஆறு ராஃப்டிங் நடக்கும் இடம்.
* லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் உடம்புக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது தளர்வு. வேறு கேளுங்கள்.
* பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு பெரும்பாலும் சேராது. தனியாகச் சேர்க்க வேண்டும். எந்த கிரேடு வரை, ஹெலிகாப்டர் மீட்புச் செலவு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
* உலகக் கோப்பை மாதிரியான சர்வதேசப் பந்தயங்களில் தனியாகப் பெயர் கொடுக்க முடியாது. தேசிய சம்மேளனம் மூலமாகத்தான் போக முடியும்.
* குடித்துவிட்டு ஏறவே கூடாது.

அப்போ டெல்டாவுக்கு என்னதான் மிச்சம்?

இரண்டு விஷயம். ஒன்று, இந்தியா பதக்கம் வாங்கியிருப்பது அமைதியான தண்ணீரில். சமதரையான டெல்டாவுக்குப் பொருந்துவதும் அதுதான். வெள்ளைநீருக்கான ஓடை கட்டுவதோடு ஒப்பிட்டால், ஏரியில் ஸ்பிரிண்ட் கயாக் பயிற்சி தொடங்க ஆகும் செலவு மிகக் குறைவு. மணிப்பூர் இளைஞர் சுனில் சிங் சலாமால் முடிந்தது திருவாரூர் இளைஞர்களாலும் முடியும்.

இரண்டாவதுதான் அவசரம். வெள்ளைநீர் வீரர்கள் முதல் நாளே படிக்கும் பாடம், மதகில் குதிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மதகுக்கும் தடுப்பணைக்கும் கீழே நுரைக்கும் இடத்தில் இறங்கக் கூடாது. யாராவது மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது உண்டு. கரையிலிருந்து கயிறு, கயிற்றில் கட்டிய காலி கேன், டியூப் எதையாவது வீச வேண்டும். 112-க்கோ, தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101-க்கோ உடனே அழைக்க வேண்டும்.

காவிரி நீர் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்துவிடப்படுகிறது. அதற்கு முன், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே இந்தப் பாடத்தை ஒரு மணி நேரம் நடத்திவிடலாம். அதற்கு ஓடையும் வேண்டாம், பம்பும் வேண்டாம்.