பரணிக்குள் தண்ணீர் வந்தது எப்படி?

நாஞ்சில் நாட்டில் மாங்காய்க் காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு பரணிகள் கீழே இறங்கிவிடும். ஓர் அடுக்கு மாங்காய், மேலே புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு, மறுபடி மாங்காய் என்று நிரப்பி, துணியால் வேடு கட்டி வைப்பார்கள். சில நாள் கழித்துத் திறந்தால் மாங்காய் சுருங்கிக் கிடக்கும். பரணியில் தண்ணீர் நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாம் விடவில்லையே! அது எங்கிருந்து வந்தது என்று என்றாவது யோசித்ததுண்டா, சகோதரிகளே?

மாங்காய்க்குள்ளிருந்துதான். மாங்காயும் சரி, நாமும் சரி, கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனவர்கள். ஒவ்வோர் அணுவையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. தண்ணீர் அதன் வழியே சுலபமாகப் போய் வரும்; உப்புக்கு அந்தச் சலுகை இல்லை. வெளியே உப்பு மிகுந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடும். கிஸ்மிஸைத் தண்ணீரில் போட்டால் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே சர்க்கரை அதிகம். தண்ணீர் புகுந்து பழம் உப்பிக்கொள்கிறது.

இது சமையலறை வேடிக்கை மட்டுமல்ல. குழந்தைக்குப் பேதி கண்டால் அதன் உயிர் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன. வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது. உப்பு உள்ளே போனால்தான் தண்ணீர் அதன் பின்னால் போகும். ஆனால் உப்பைச் சவ்வு விடாதே?

அங்கேதான் ஒரு ரகசியக் கதவு இருக்கிறது. குடலின் அணுக்களில் உள்ள அந்தக் கதவு, உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலுள்ள குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960-ல் இதைச் சொன்னார். காலரா கண்டவர் குடலிலும் இந்தக் கதவு வேலை செய்கிறது என்பதுதான் அதிசயம்!

1971-ல் வங்காள அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் ஸலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே கிண்ணத்தில் எடுத்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வாரிசுதான். அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். பொட்டலம் கைவசம் இல்லையா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். கைத்தாராளம் வேண்டாம்! உப்போ சர்க்கரையோ மிஞ்சினால், பரணியில் மாங்காய்க்கு நேர்ந்த கதிதான் குழந்தையின் குடலுக்கும். பாட்டில் குளிர்பானம் ஆகாது என்பதும் அதனால்தான்.

"தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அவர்கள் போட்ட உப்பு மாங்காய்க்கு நான் அடிமை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தாய்ப்பாலையும் நிறுத்தவேண்டாம். கண் குழிந்து, குழந்தை துவண்டு, குடிக்கவும் மறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றபடி, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடியும் இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.