ஆரணிப் பிள்ளைகளின் கலை

விடியற்காலையில் ஆரணிக்குப் போய் இறங்குகிறவர்கள் நெசவாளர் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் சீர்செய்து சுருட்டிவிட வேண்டுமே என்ற அவசரத்தோடு பெரியவர்களும் ஸ்திரீகளும் இரு பக்கமும் நடந்து இழை இழையாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். அறுந்த இழையை விரல் நுனியால் தேடிப் பிடித்து முடிவார்கள். நமக்கோ இழை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. சிறிது நேரத்திற்கெல்லாம் முதுகில் புத்தகப் பையுடன் பிள்ளைகள் வெளிப்படுவார்கள். பாவின் மேல் கை படாமல் ஓரமாக ஒதுங்கிப் பள்ளிக்கூடம் போவார்கள்.

பள்ளிக்கூடத்தில் சித்திர வகுப்பு நடக்கிறது. அங்கே அந்தப் பிள்ளைகள் எழுதுவது என்ன? இரண்டு மலை, மலைகளின் நடுவே சூரியன், ஓர் ஓடை, ஓடைக் கரையில் ஒரு தென்னை, ஆகாயத்தில் இரண்டு காக்கை. தமிழ்நாடெங்கும் குழந்தைகள் எழுதி வரும் சாசுவதமான சித்திரம் இது! தெருவிலே நீண்டிருந்த பாவை யாரும் எழுதுவதில்லை. எழுதலாம் என்று யாரும் சொன்னதுமில்லை. சரித்திர பாடத்திலே 1751-ஆம் வருஷம் ஆரணியருகே ராபர்ட் கிளைவ் சண்டையிட்டு ஜயித்ததைப் படிக்கலாம். அந்த ஊரில் தறி எப்படி நடக்கிறது என்பதைப் படிக்க முடியாது.

சர்க்கார் பள்ளிகளில் 2022-ஆம் வருஷம் முதல் கலைத் திருவிழா என்ற பெயரால் போட்டிகள் நடந்து வருகின்றன. பள்ளி, வட்டாரம், ஜில்லா, மாகாணம் என்று படிப்படியாக ஏறி, முதலிடம் பெறுகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்ற பட்டங்கள் கிடைக்கின்றன. பரீட்சை மார்க்கு ஒன்றே தெய்வம் என்றிருந்த பள்ளிக்கூடங்களில் பறையும் சிலம்பும் ஒலித்ததைக் கேட்டு நாம் மனமார மகிழ்ந்தோம். இதைக் குறை சொல்லுகிறவர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காதவர்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போட்டி என்றால் இத்தனை நிமிஷம், இத்தனை பேர், இன்ன பிரிவு என்று எல்லாம் மேலேயிருந்து வகுக்கப்பட்டு வருகிறது. உபாத்தியாயர் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார். பெற்றோர் உடைக்குப் பணம் தருகிறார்கள். நீதிபதிகள் மார்க்குப் போடுகிறார்கள். பிள்ளைகள் ஆடுகிறார்கள், அவ்வளவுதான். என்ன செய்வது, யாருக்காகச் செய்வது, யாரிடம் போய்க் கற்பது, எங்கே வைத்துக் காட்டுவது என்பவற்றை நிச்சயிக்கும் வேலை அவர்களிடம் வருவதேயில்லை. கலையிலே பாதி அந்த வேலையில்தான் இருக்கிறதென்பது நம் அபிப்பிராயம்.

நம் தேசத்துக்கு இது புதிதன்று. 1938-ஆம் வருஷம் குஜராத்தில் ஹரிபுரா என்ற கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. சுபாஷ் சந்திர போஸ் தலைமை வகித்தார். மகாத்மாவின் விருப்பப்படி அந்தக் காங்கிரஸ் நகரை அலங்கரிக்கும் பொறுப்பைச் சாந்திநிகேதனத்துச் சித்திர ஆசாரியர் நந்தலால் போஸ் ஏற்றார். அவரும் அவருடைய மாணாக்கர்களுமாக ஏறத்தாழ 400 சித்திரங்களை எழுதித் தள்ளினார்கள். தேவர்களையும் ராஜாக்களையும் அவர்கள் அதிகம் தேடவில்லை. மேளக்காரன், தச்சன், நூல் நூற்கும் ஸ்திரீ, குழந்தையை இடுப்பில் வைத்த தாய் என்று கிராமத்து ஜனங்களையே எழுதினார்கள். பார்க்க வந்த குடியானவர்கள் அந்தப் பந்தலில் தங்களையே கண்டார்கள். மாணாக்கர்கள் ஊருக்காகச் செய்த சித்திர வேலை என்றால் அதுதான்.

அப்படியானால் ஆரணியிலும் பிள்ளைகள் தறியை எழுதட்டுமே, கரையின் பெயர்களைத் தொகுக்கட்டுமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரு சிறுமி நோட்டுப் புத்தகத்துடன் போய்க் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் கிழவரிடம், "தாத்தா, இந்தக் கரைக்கு என்ன பேர்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "உனக்கெதுக்கம்மா இதெல்லாம்? போய் நல்லாப் படி" என்றுதான் வரும். அந்தப் பதிலில் கோபமில்லை. ஒரு தலைமுறையின் அச்சம் இருக்கிறது. தம் பேத்தியாவது இந்தக் குழியிலே கால் வைக்கக் கூடாது என்று அவர் தீர்மானித்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1953-ஆம் வருஷம் சென்னை ராஜ்யத்தில் ஸ்ரீ ராஜாஜியின் மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மற்ற வேளையில் பிள்ளை தகப்பனோடு இருந்து அவன் தொழிலைப் பழக வேண்டும். உள்ள கட்டிடத்தையும் உபாத்தியாயர்களையும் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது திட்டம் போட்டவர்களின் கணக்கு. ஜனங்கள் போட்ட கணக்கு வேறு. வக்கீலின் மகன் வக்கீலாகவும் நெசவாளியின் மகன் நெசவாளியாகவுமே இருந்துவிட வேண்டியதுதானா என்று கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் மூட்டிய எதிர்ப்புக் காங்கிரஸுக்குள்ளேயும் பரவிற்று. 1954-ல் ஸ்ரீ ராஜாஜி பதவியைவிட்டு விலகினார். ஸ்ரீ காமராஜ் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

1937-ல் வார்தாவில் மகாத்மா வகுத்த ஆதாரக் கல்வியையும் இதையும் சிலர் ஒன்றாகவே கருதுகிறார்கள். அது சரியன்று. வார்தாவில் யார் வீட்டுப் பிள்ளையானாலும் பள்ளிக்கூடத்திலே ஒரே தக்ளியைப் பிடிக்க வேண்டும். 1953-ல் ஒவ்வொரு பிள்ளையையும் அவனவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டிலும் ராட்டினம் இருக்கலாம். யார் கையில் அது போய்ச் சேருகிறது என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

பட்டு நெசவு நடக்கும் பிரதேசங்களில் பிள்ளைகள் தறி வீட்டில் பட்ட பாடும் மறக்கக் கூடியதல்ல. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு வர்ணம், கரைக்கு வேறு வர்ணம். மறுகரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறுவனுடைய கையாகவே இருந்தது. தார் சுற்றுவதற்குச் சிறுமிகள் இருந்தார்கள். 1986-ல் ஒரு சட்டம் வந்தது; 2016-ல் அது திருத்தப்பட்டு, பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் எந்தத் தொழிலிலும் வேலை செய்யலாகாது என்றாயிற்று. பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று மட்டும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் எவ்வளவு அகலமானது என்று தறி வீட்டுத் தாய்மாருக்குத் தெரியும்.

ஆகவே, கலை என்ற பெயரால் தறியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர எண்ணுகிறவர்கள் இந்த அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். படிப்பா, கலையா என்று ஒரு பிள்ளையை நிற்க வைத்துக் கேட்பது அநியாயம். அப்படிக் கேட்காமலும் நடத்த முடியும் என்பதற்கு ஆரணிக்கு அப்பால் அதிகத் தூரம் போகாமலே அத்தாட்சி காட்டலாம்.

ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பக்கங்கள் கூத்து விளையும் பூமி. திரௌபதியம்மன் கோயில் உற்சவம் வந்துவிட்டால் பகலிலே பாரதப் பிரசங்கமும் இரவிலே கூத்துமாக நடந்து, கடைசி நாள் படுகளத்தில் வந்து முடியும். செய்யாறு பக்கத்துப் புரிசைக் கிராமத்தின் கண்ணப்பத் தம்பிரான் (1929–2003) பெயரை அறியாத நாடக ரஸிகர்கள் இருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தவரேயான பெருங்கட்டூர் ராஜகோபால் பத்து வயதில் தகப்பனாருடன் கூத்துக்குப் போனவர். அதனால் பள்ளிக்கூடத்தை விட்டவர். தாம் இழந்ததை மறக்காமல், 2002-ஆம் வருஷம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசன்தாங்கலில், கட்டைக்கூத்துச் சங்கத்தின் சார்பில், தம் மனைவியாரான டச்சு நாட்டு அறிஞர் ஹன்னே அம்மையாருடன் ஒரு குருகுலத்தை ஆரம்பித்தார். அங்கே பிள்ளைகள் கூத்தும் படித்தார்கள், கணக்கும் படித்தார்கள். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியிருக்கவில்லை.

அதிலும் பெரிய காரியம் வேறொன்று நடந்தது. கூத்து தலைமுறை தலைமுறையாக ஆண்களின் சொத்து. திரௌபதி வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்கள். குருகுலத்திலோ பெண் குழந்தைகளையும் சேர்த்தார்கள். அவர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஆண் வேஷத்தில் இரவு முழுதும் ஆடினார்கள். மரத்தாலான அந்த அணிகளின் பாரத்தைத் தாங்குவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். 'பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?' என்று சொன்ன ஊர்களும் விடிகிற வரையில் உட்கார்ந்து பார்த்தன. 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. அது நமக்கு வருத்தந்தான். ஆயினும் தகப்பன் கூத்தாடியாக இல்லாத பிள்ளையும் கூத்தாடலாம், கூத்தாடியின் பிள்ளையும் பரீட்சை எழுதலாம் என்பதைப் பதினெட்டு வருஷம் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

இனி ஆரணிக்கே திரும்புவோம். பிள்ளைகள் தாங்களே தலைமை வகித்து ஊரோடு சேர்ந்து ஒரு கலைக் காரியம் செய்ய விரும்பினால், அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிது உண்டு. நெசவாளர் பிள்ளைகள் மாத்திரம் சேர்ந்து செய்ய வேண்டாம். குடியானவர் வீட்டுப் பிள்ளை, அரிசி ஆலைக் கூலியின் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை எல்லோருமாகச் சேரட்டும். தறிக்காரர் மகள் விரும்பினால் கூத்துக்குப் போகட்டும். குடியானவர் மகன் தறியடிக்குப் போகட்டும். தகப்பன் தொழிலையே பிள்ளையின் தலையில் வைக்கிறார்கள் என்ற சந்தேகம் அதனாலேயே தீர்ந்துவிடும்.

எடுத்துக்கொள்ள விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ருத்திராட்சம், மயில்கண், தாழம்பூ, வைரஊசி என்று பட்டுக் கரைகளுக்குப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை எந்த வீட்டில் எந்தப் பாட்டி எப்படிச் சொல்லுகிறாள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதலாம். ஜக்கார்டுப் பெட்டியின் அட்டைகளை ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்தால் கணக்கு உபாத்தியாயரே வாயைப் பிளப்பார். பிரான்ஸ் தேசத்தில் பட்டு நகரமாகிய லியோனைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் வருஷம் அமைத்த யந்திரம் அது. அட்டையில் துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. சதுரம் போட்ட காகிதத்தில் பூவை எழுதி, வரிசைக்கு வரிசை துளையாக்கினால் சேலையிலே பூ விழும். இன்றைய கணிப்பொறிக்கு இந்த அட்டை ஒரு பாட்டன் முறை ஆகவேண்டும். கமண்டல நாகநதியையோ தெருப் பாவையோ பிள்ளைகள் சதுரக் காகிதத்தில் எழுதி, அதை ஒரு முழமாவது நெய்வித்துப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கவிட்டால், இரண்டு மலைச் சூரியனுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். நெய்கிற வேலை பெரியவர்களுடையது. எழுதுவதும் துளை எண்ணுவதும் பிள்ளைகளுடையவை. இந்த எல்லையை யாரும் தாண்டக் கூடாது.

உபாத்தியாயர் என்ன செய்வது? அவர் பின் பெஞ்சியில் உட்கார வேண்டும். சொல்வது சுலபம், உட்காருவது கஷ்டம். பிள்ளைகள் தவறாகச் செய்வார்கள், நேரத்தை வீணாக்குவார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். வட்டாரப் போட்டிக்கு இன்னும் பத்து நாளே இருக்கிறது என்ற நினைப்பில் அவர் எழுந்து வந்து சாக்குக் கட்டியைக் கையில் வாங்கிவிட்டால் அன்றோடு காரியம் அவருடையதாகிவிடும். அனுமதிக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது, இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர்ந்தார்களா என்று பார்ப்பது, இவை அவருடைய வேலைகள்.

பணத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். நம்மவர்கள் கலை என்றதும் இதை மறந்துவிடுவார்கள். தறியில் உட்காருகிறவருக்கு நெய்த சேலைக்குத்தான் கூலி. பேசின பேச்சுக்குக் கூலியில்லை. பத்துப் பிள்ளைகள் போய் அரை நாள் அவரை நிறுத்திக் கேள்வி கேட்டால் அந்த அரை நாள் அவர் வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டதாகும். 'ஐயா பெரிய மனது பண்ணி வந்து கற்றுத் தந்தார்' என்று ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்புவது வழக்கமாயிருக்கிறது. பட்டு நெய்கிறவருக்குப் பொன்னாடை எதற்கு! கூத்து வாத்தியாருக்கும் அப்படியே. இரவு முழுதும் ஆடுவதற்குக் கூலி பேசுகிறவர்கள், பகலில் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லிக் கொடுப்பதை மட்டும் தருமமாகக் கேட்கிறார்கள்.

எனவே பிள்ளைகள் போடும் திட்டத்தின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: இன்ன தறிக்காரருக்கு அரை நாள் கூலி, இன்ன கூத்து வாத்தியாருக்கு இரண்டு நாள் கூலி. தொகை எவ்வளவு என்று அவர்களையே கேட்டுப் பிள்ளைகளே எழுதட்டும். தலைமையாசிரியர் அந்தக் காகிதத்தில் கையெழுத்திடட்டும். அந்தக் கணக்கு எழுதுகிற பிள்ளை, தாத்தா ஒரு சேலைக்கு எத்தனை நாள் உட்காருகிறார், கையில் எவ்வளவு வாங்குகிறார், கடையிலே அது என்ன விலைக்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொண்டு வரும். அதையும் அது சுவரில் எழுதினால், அழித்துவிட்டுத் தென்னை மரம் எழுதச் சொல்லாதிருக்க வேண்டும்.