கொடையில் வாசித்தவர் பெயர் என்ன? ஸ்காட் ஜாப்ளின் கதை சொல்லும் பாடம்

குத்துக்கல்வலசை மாதிரியான தென்காசி வட்டார ஊர்களில் கோயில் கொடை என்றால் நையாண்டி மேளம் களைகட்டும். மறுநாளே வீடியோ யூடியூபில் ஏறிவிடும். தலைப்பில் கோயில் பெயர், ஊர் பெயர் எல்லாம் இருக்கும். நாகஸ்வரம் வாசித்தவர் யார், தவில் அடித்தவர் யார்? பெரும்பாலும் அது மட்டும் இருக்காது.

இதெல்லாம் ஒரு விஷயமா? விஷயம்தான். அமெரிக்க பியானோ கலைஞர் ஸ்காட் ஜாப்ளினின் கதையைப் பார்த்தால் புரியும்.

யார் இந்த ஜாப்ளின்?

‘ரேக்டைம்’ இசையின் ராஜா. இடது கை தாளம் பிசகாமல் நடக்கும். வலது கை மெட்டை வேண்டுமென்றே அடி தள்ளி வாசிக்கும். ஜாஸ் இசைக்கு முன்னோடி இதுதான். 1899-ல் வெளியான இவரது ‘மேப்பிள் லீஃப் ராக்’ இசைக்குறிப்பு அச்சாகி விற்றது. பிரதிக்கு ஒரு சென்ட் இவருக்கு என்று ஒப்பந்தம். ஆனால், 1917-ல் இறந்தபோது ஊர் அவரை மறந்திருந்தது. 1974 வரை கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை.

மீட்டது ஓர் ஆல்பம்

ஜாப்ளின் வாசித்த ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை. அச்சான குறிப்புகளைப் பார்த்து ஜோஷுவா ரிஃப்கின் வாசித்த ஆல்பம் 1970-ல் வந்து சக்கைப்போடு போட்டது. 1973-ல் ‘தி ஸ்டிங்’ படம் அந்த இசையை உலகமெங்கும் கொண்டுபோனது. 1976-ல் புலிட்சர் சிறப்பு விருது. இறந்து 59 வருஷம் கழித்து!

இந்தியாவிலும் ஒருவர்

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட், கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்தவர். 1945-ல் அங்கேயே காலராவில் இறந்தார். கல்கத்தாவில் பதிவான இசைத்தட்டுகளில் அவர் பெயர் இருப்பதால், இன்றும் தேடிப்பிடித்துக் கேட்க முடிகிறது.

அப்படியென்றால்?

திறமை மட்டும் ஒரு கலைஞரைக் காப்பாற்றிவிடாது. பதிவு வேண்டும், அதில் பெயரும் வேண்டும். ஜாப்ளின் காலத்தில் அதற்கு அச்சகமும் பதிப்பாளரும் தேவைப்பட்டார்கள். இன்று கையில் செல்போன் இருக்கிறது, பதிவுக்குப் பஞ்சமே இல்லை. பெயருக்குத்தான் பஞ்சம். பெயர் தெரிந்தால் அடுத்த ஊர்க்காரர்கள் நேரடியாகவே கூப்பிடுவார்கள். நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும். நாளைக்கு அந்த வாசிப்பைத் தேடுபவருக்கும் ஒரு பிடி இருக்கும்.

அடுத்த கொடையில் வீடியோ எடுப்பவர்கள், மேளக்காரரிடம் பெயரும் ஊரும் கேட்டு, கீழே இரண்டு வரி எழுதினால் போதும். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.