பட்டதாரிகளும் புதிய கணக்குத் தொழிலும்

சிதம்பரத்தில் 1929-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட அண்ணாமலைச் சர்வகலாசாலையிலிருந்தும், கடலூர்க் கலாசாலைகளிலிருந்தும் பட்டம் பெற்று வெளிவரும் வாலிபர்கள் ‘டேட்டா எஞ்சினீயரிங்’ என்னும் புதிய தொழிலை நாடுவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் பட்டத்தை மாத்திரம் கையில் ஏந்தி நிற்பவனுக்கு இத்தொழிலின் கதவு எளிதில் திறப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

பல இடங்களில் சிதறிக் கிடக்கும் விவரங்களைத் திரட்டி, பிழை நீக்கி, ஒழுங்குபடுத்தி, வேண்டுவோருக்கு உரிய காலத்தில் கிடைக்கச் செய்வதே இத்தொழில். ஒரு பதிவேட்டில் காட்டுமன்னார்கோவில் என்றும் மற்றொன்றில் காட்டுமன்னார்குடி என்றும் எழுதியிருந்தால், யந்திரம் அவற்றை இரண்டு ஊர்களாகவே எண்ணும். இரண்டும் ஒன்றே என்று அறிந்து அதற்குச் சொல்லிக் கொடுப்பவன் மனிதன். 1970-ல் காட் என்னும் அறிஞர் வகுத்த அட்டவணை முறையும், அதையொட்டி எழுந்த எஸ்.க்யூ.எல். பாஷையும் இன்றும் இத்தொழிலுக்கு அஸ்திவாரமாக விளங்குகின்றன. அவற்றையும் பைத்தானையும் கற்பது முதற்படி. பிழை மலிந்த அசல் விவரங்களோடு மல்லாடிப் பழகுவது இரண்டாம் படி. வகுப்பறையில் மட்டும் இது கைவராது என்பதே நமது அபிப்பிராயம்.

அப்பழக்கத்துக்கு வேண்டிய வேலை நமது ஜில்லாவிலேயே இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயலும், 2015 நவம்பரில் பெருவெள்ளமும் கடலூர்ப் பிரதேசத்தைச் சூறையாடியதை யார் மறப்பர்? மழையளவு, வீராணம் ஏரியின் நீர்மட்டம், ஆறுகளின் வெள்ளப் பெருக்கு ஆகியவற்றை ஒன்று சேர்த்துக் கிராமவாரியாகக் காட்டினால், எந்தத் தாழ்ந்த குடியிருப்புக்கு முதலில் எச்சரிக்கை போகவேண்டும் என்பது விளங்கும். சுதந்திரம் பெற்ற தேசம் தன் விவரங்களைத் தானே ஆளக் கற்கவேண்டாமா?

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. 1961-ம் வருஷத்து அப்பிரண்டிஸ் சட்டத்தில் 1973-ல் செய்த திருத்தம் எஞ்சினீயரிங் பட்டதாரிகளையும், 2014-ல் செய்த திருத்தம் மற்றப் பட்டதாரிகளையும் சேர்த்துவிட்டன. சட்டம் இருக்கிறது, வேலை இருக்கிறது, வாலிபர்களும் இருக்கிறார்கள். மூன்றையும் கூட்டிவைப்பார்தான் தேவை.

ஜில்லா கலெக்டரும் சர்வகலாசாலை அதிகாரிகளும் கலந்து பேசி, வருஷந்தோறும் பட்டதாரிகள் சிலரை உபகாரச் சம்பளத்துடன் இவ்வேலையில் அமர்த்தவேண்டும். ஓராண்டு இதில் உழைத்தவன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனாலும், “நான் செய்த வேலை இது” என்று எடுத்துக் காட்டி நிமிர்ந்து நிற்பான். அடுத்த ஐப்பசி மழை வருமுன் இக்காரியம் துவங்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.