பூமி பூஜையும் பூமிக்கடியில் உள்ள தொட்டியும்

ஒரு பெட்ரோல் பங்க் திறப்பதென்றால் எத்தனைக் காகிதம் வேண்டியிருக்கிறது! கலெக்டர் ஆட்சேபனையில்லையென்று எழுதித் தரவேண்டும். வெடிபொருள் இலாகா லைசென்சு தரவேண்டும். வரைபடத்தில் தொட்டி எங்கே, சுவர் எங்கே என்று அடி அளந்து காட்டவேண்டும். இவ்வளவும் நியாயமே. ஆனால் அதே பங்க் மூடப்படும்போது பல ஊர்களில் என்ன நடக்கிறது? பம்பைக் கழற்றுகிறார்கள், போர்டை இறக்குகிறார்கள், காரியம் தீர்ந்தது. சில வருஷம் சென்று அவ்விடத்தில் கலியாண மண்டபம் கட்டுவதற்கு நாள் பார்த்து, பூமி பூஜை போட்டு, பூசணிக்காய் உடைக்கிறார்கள். பூமிக்குப் பூஜை போடுகிறவர்களில் ஒருவராவது பூமிக்குள் என்ன இருக்கிறதென்று கேட்பதுண்டா?

உள்ளே இருப்பது பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டி. இரும்பென்றால் துருப்பிடிக்கும். ஊசிமுனைத் துவாரம் போதும். வருஷக்கணக்காய்ச் சொட்டுச் சொட்டாய் எண்ணெய் இறங்கி நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் என்னும் சரக்கு நீரில் கரைந்துவிடும். அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குமேல் அது இருக்கலாகாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் வரம்பு கட்டியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி ஒரே ஒரு கிராம் பென்சீன் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும்.

நம் அந்தியூர், பவானிப் பக்கம் பாறை பூமி. தண்ணீர் பாறை வெடிப்புகளின் வழியாக ஓடுகிறது. ஆகையால் பக்கத்துக் கிணறு தப்பித்துத் தூரத்துக் கிணறு கெட்டுப்போனாலும் ஆச்சரியமில்லை. இது தெரியாத ஜனங்கள் என்ன சொல்லுவார்கள்? கன்னிமார் கோபம் என்பார்கள், கிணற்றுக்குத் தோஷம் என்பார்கள், பொங்கல் வைப்பார்கள். பொங்கல் வைத்ததால் எந்தத் தொட்டியின் ஓட்டையாவது அடைபட்டதென்று யாராவது காட்டமுடியுமா?

இது வீண் பயமல்ல. 2013-ல் சென்னைத் தண்டையார்பேட்டையில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போன பாரத் பெட்ரோலியம் குழாய் கசிந்ததே காரணமென்று தெரிந்து, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. ஹவாய்த் தீவில் அமெரிக்கக் கடற்படை மலையைக் குடைந்து, இரண்டாவது உலக யுத்த காலத்தில் 20 பெருந்தொட்டிகள் கட்டி வைத்திருந்தது. 2021 நவம்பரில் அந்த எண்ணெய் குடிநீரில் கலந்து, படைவீரர் குடும்பங்கள் வாந்தியும் தலைவலியுமாய்த் தவித்தன. முதலில் தண்ணீருக்குப் பாதகமில்லையென்றே அதிகாரிகள் சொன்னார்கள். ஜனங்கள் விடவில்லை. 2022 மார்ச்சில், தொட்டிகளைக் காலிசெய்து அடியோடு மூடும்படி உத்தரவு பிறந்தது. அதிகாரி வாக்கானாலும் சரி, அர்ச்சகர் வாக்கானாலும் சரி, பரீட்சை செய்து பார்க்காமல் நம்பினால் பலன் ஒன்றுதான்.

சரியாக மூடுவதென்றால் என்ன? முதலில் பழைய இருப்புக் கணக்கைப் பார்க்கவேண்டும். தினமும் குச்சி விட்டு அளந்த அளவுக்கும் விற்ற அளவுக்கும் ஓயாமல் வித்தியாசம் வந்திருந்தால், அந்த எண்ணெய் எங்கே போயிற்று? ஆவியாய்ப் போயிற்றென்று சொல்லித் தப்பமுடியாது. பிறகு தொட்டியில் மிச்சமுள்ள எண்ணெயை இறைத்து, ஆவியையும் போக்கவேண்டும். காலித் தொட்டிதான் அதிக அபாயம். உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும், இறங்கின கூலியாளின் மூச்சையும் நிறுத்தும். அதன்பின் தொட்டியைத் தோண்டியெடுத்து, அதன் அடியிலும் குழாய் போன வழியிலும் மண்ணெடுத்து, சுற்றுக் கிணறுகளில் நீரெடுத்து, சோதனைச்சாலைக்கு அனுப்பவேண்டும். கெட்டிருந்தால் மண்ணை அப்புறப்படுத்தி, நீரைச் சுத்தம் செய்து, அதற்குப்பின்தான் கட்டிடத்திற்கு அனுமதி தரவேண்டும்.

செலவுக்கு யார் என்று கேட்பார்கள். 1996-ல் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவனே சீர்படுத்தும் செலவை ஏற்கவேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எண்ணெய் விற்று லாபம் எடுத்தவர்கள் இருக்க, ஒரு குடம் தண்ணீருக்கு அந்தக் கிணற்றையே நம்பியிருக்கும் கூலிக்காரக் குடும்பம் நோயாய்க் கொடுக்கவேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்?

தோழர்களே! ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தையில் சுழி பார்க்கிற பைத்தியக்காரன்கூட, பணம் அவிழ்ப்பதற்குமுன் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். சுழி வயதைச் சொல்லாது, பல்தான் சொல்லும் என்று அவனுக்கும் தெரியும். குதிரைக்குக் காட்டுகிற புத்தியைக் குடிக்கிற தண்ணீருக்குக் காட்டக்கூடாதா? உங்கள் ஊரில் பழைய பங்க் இருந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டுகிறார்களென்றால், நல்ல நேரம் எப்போது என்று கேட்காதீர்கள். மண் பரீட்சை ரிப்போர்ட்டு எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத்துமூலம் கலெக்டருக்கு மனுக் கொடுத்து, பதில் வரும்வரை விடாதீர்கள்.